பதினான்கிலிருந்து பத்தொன்பது வரை

“இரைச்சல்” என்று ஒரு சொல் எழுதிப் பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும். ரஞ்சன் என்னிடம் கேட்டது அவ்வளவுதான். பேனாவையும் அவனே நீட்டினான்.

“எழுது செரினா. ரெண்டு செகண்ட் வேலை.”

“இரைச்சலே இல்லையே. எப்படி எழுதுறது?”

“நைட் முழுக்க ரோட்டுல நின்னிருக்க. டாக்ஸி போயிருக்கும், லாரி போயிருக்கும். ஏதோ ஒண்ணு போயிருக்கும் லா.”

“ரோட்டை அடைச்சுட்டுத்தான் வேலை பார்த்தோம்.”

தஞ்சோங் பகாரில் இருக்கும் எங்கள் அலுவலகத்தில் அப்போது காலை எட்டரை மணி. வேலைக்கு வருகிறவர்கள் கையில் கோப்பியோடு லிஃப்டிலிருந்து வெளியே வந்துகொண்டிருந்தார்கள். நான் வீட்டுக்குப் போய்ப் படுக்க வேண்டிய நேரம்.

ரஞ்சனும் நானும் பல்கலைக்கழகத்தில் ஒரே வகுப்பு. அவன் முடித்தான். நான் மூன்றாம் ஆண்டில் நின்றுவிட்டேன். அதற்குப் பெரிய காரணம் இருக்கும் என்று எல்லாரும் எதிர்பார்க்கிறார்கள். காலையில் எழுந்து போக முடியவில்லை, போகவில்லை, அவ்வளவுதான். இப்போது அவன் புராஜெக்ட் இன்ஜினியர், நான் இரவு வேலை டெக்னீஷியன். அம்மா மட்டும் மாதா கோயிலில் கேட்பவர்களிடம் மகள் இன்ஜினியர் என்றே சொல்லிக்கொண்டிருக்கிறாள். இரண்டு முறை திருத்திப் பார்த்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே மறுபடியும் சொல்கிறாள்.

முந்தின இரவு நாங்கள் ஜாலான் புசாருக்குப் பின்னால் ஒரு சின்னச் சாலையில் இருந்தோம். இரண்டு பக்கமும் பழைய கடைவீடுகள். கீழே ஹார்ட்வேர் கடைகள், மேலே மலிவு ஹோட்டல் அறைகள். அந்தச் சாலையின் நடுவில் கழிவுநீர்க் குழாய்க்காக ஆறு மீட்டர் ஆழத்துக்கு ஒரு குழி வரப்போகிறது. தோண்டுவதற்கு முன்னால் கீழே எப்படிப்பட்ட மண் என்று சொல்ல வேண்டியவர்கள் நாங்கள்.

செய்வது எளிது. இருபத்து நான்கு ஜியோபோன்களை மீட்டருக்கு ஒன்றாக வரிசையில் வைப்போம். உள்ளங்கையில் அடங்கும் கருவி, தரையின் நடுக்கத்தைக் கேட்கும். அப்படி ஒரு வரிசையை எங்கள் பேச்சில் கோடு என்போம்; இந்தத் திட்டத்தில் இது ஏழாவது. வரிசையின் முனையில் ஓர் இரும்புத் தகட்டைப் போட்டு எட்டுக் கிலோ சம்மட்டியால் அடிப்போம். அடித்தால் அதிர்வு எல்லாம் ஆழத்துக்குள் போய்விடாது. பெரும்பகுதி தரையின் மேற்பரப்பை ஒட்டியே ஓடும். குட்டை அலை தாரையும் கல்லையும் மட்டும் தடவிக்கொண்டு போகும். நீள அலை நாலைந்து மீட்டர் ஆழம்வரை மண்ணை அசைத்தபடி போகும். கெட்டி மண்ணில் வேகம், இளகிய மண்ணில் மந்தம். எந்த நீள அலை எந்த வேகத்தில் போனது என்று பார்த்தால், தோண்டாமலே கீழே உள்ளதை ஓரளவு சொல்லலாம். அந்த ஓரளவில்தான் எல்லாச் சண்டையும் வருகிறது.

சம்மட்டி மருதப்பன் அண்ணனுடையது. புதுக்கோட்டைக்காரர். கிராஞ்சியில் தங்குவிடுதி, லாரியில் வருவார், லாரியில் போவார். ஜியோபோனை அவர் மைக் என்பார். “மைக் டெஸ்டிங்” என்று ஒவ்வோர் இரவும் ஒரே நகைச்சுவையைச் சொல்வார். நானும் ஒவ்வோர் இரவும் சிரிக்காமல் இருப்பேன்.

அன்று இடது முனையில் ஐந்து முறை அடித்தார். திரையில் ஜியோபோனுக்கு ஒன்றாக இருபத்து நான்கு கோடுகள். அலை ஒவ்வொரு கோட்டையும் கொஞ்சம் கொஞ்சம் தாமதமாகத் தொட்டுக்கொண்டு ஒரே சரிவாக இறங்க வேண்டும். பதின்மூன்றாவது கோடு வரை அப்படித்தான் இறங்கியது. பதினான்கில் சரிவு வளைந்தது. பத்தொன்பது வரை அலை சேற்றில் நடப்பதுபோல் இழுத்துக்கொண்டு போனது. இருபதில் பழைய நடைக்குத் திரும்பியது.

வலது முனையில் ஐந்து முறை அடித்தார். அங்கிருந்து வந்த அலை பத்தொன்பதிலேயே மாட்டிக்கொண்டது. ஒரு பகுதி முட்டித் திரும்பி வந்து, வந்த அலையோடு குறுக்கே பின்னி, படமே அலங்கோலமாக இருந்தது.

“என்ன தங்கச்சி, மூஞ்சி ஒரு மாதிரி போகுது? மறுபடியும் குகையா?”

குகை என்பது என் பட்டப்பெயர். மூன்று வாரங்களுக்கு முன் தஞ்சோங் பகாரில் ஒரு கோட்டில் அலை தாறுமாறாக வந்தது. தரைக்கடியில் பொந்து இருக்கிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். ஒரு நாள் முழுக்க வேலையை நிறுத்தினார்கள். கடைசியில் பார்த்தால் கேபிளின் பாதியை நான் தலைகீழாக மாட்டியிருந்தேன். பன்னிரண்டு ஜியோபோன்கள் பின்னாலிருந்து முன்னால் கேட்டுக்கொண்டிருந்தன. அதிலிருந்து அலுவலகத்தில் நான் குகை செரினா.

“அண்ணே, தட்டிப் பார்க்கலாம். ஒவ்வொண்ணா.”

அவர் வரிசையோடு நடந்து ஒவ்வொரு ஜியோபோனுக்குப் பக்கத்திலும் பூட்ஸ் நுனியால் தட்டினார். “ஒண்ணு.” திரையில் ஒன்றாவது கோடு துள்ளியது. “ரெண்டு.” இரண்டாவது துள்ளியது. இருபத்து நான்கும் சரி. கேபிள் சரி.

பதினான்கிலிருந்து பத்தொன்பது வரை உள்ள ஆறையும் எடுத்து, ஒன்றிலிருந்து ஆறு வரை உள்ளவற்றோடு இடம் மாற்றினேன். கருவியில் கோளாறு என்றால் கோளாறும் கருவியோடு இடம் மாற வேண்டும். மாறவில்லை. லாரி எஞ்சினை அணைக்கச் சொன்னேன். மாறவில்லை. மறுபடியும் தட்டிப் பார்த்தோம். மறுபடியும் இரண்டு முனைகளிலும் அடித்தோம். அதே இடத்தில் அதே இழுவை.

“அப்ப மண்ணுதான்,” என்றார் மருதப்பன் அண்ணன். தகட்டின் மேல் உட்கார்ந்து தண்ணீர் குடித்தார். “கீழ ஏதாவது குட்டையை மூடியிருப்பானுங்க.”

“என்னன்னு தெரியல. இளகலா இருக்கு. அது மட்டும் தெரியுது.”

“எவ்ளோ இளகல்?”

“சுத்தி இருக்கறதுல பாதி வேகம்கூட இல்ல.”

அவர் பாட்டிலை மூடிவிட்டுச் சாலையைப் பார்த்தார். தாரின் மேல் வெள்ளைப் பெயிண்டில் ஒரு சதுரம் வரைந்திருந்தது. குழி வரப்போகிற இடம். பதினாறாவது ஜியோபோன் அதன் நடுவில் இருந்தது.

“அடுத்த மாசம் என்னை இந்தக் குழிக்குத்தான் போட்டிருக்காங்க தங்கச்சி. நேத்துதான் சூப்பர்வைசர் சொன்னாரு. அடியில நின்னு மண்ணு அள்ளணும்.”

தாள்களில் நேரத்தைக் குறித்தேன்.

இதையெல்லாம் ரஞ்சனிடம் காலையில் சொன்னேன். அவன் பாதி கேட்டான். மூன்று அறிக்கைகள் அன்று மாலைக்குள் போக வேண்டியிருந்தன. அவன் கண்களும் என் கண்களைப் போலவே சிவந்திருந்தன, அதை நான் மறுக்கவில்லை.

“பாரு,” என்று திரையைத் திருப்பினான். “லெஃப்ட் சைடு மட்டும் போட்டா மாடல் அழகா உட்காருது. பிழை மூணு பெர்சென்ட். ரைட்டையும் சேர்த்தா பதினொண்ணு. அஞ்சைத் தாண்டினா ரிப்போர்ட் போகாது. உனக்கே தெரியும்.”

“லெஃப்ட்ல அடிச்சா பக்கத்துல இருக்கற மைக்ல அதிர்வு பலமா இருக்கும். தூரத்துல தேஞ்சு போயிடும். உன் மாடல் முதல் பதிமூணு மீட்டரைத்தான் பார்க்குது. குழி பதினாறுல இருக்கு.”

“முனைக்கு முனை நேரம் ஒண்ணுதானே? லெஃப்ட்லேர்ந்து போனாலும் ரைட்லேர்ந்து வந்தாலும் அதே மில்லிசெகண்ட். அப்புறம் என்ன?”

“ஜூரோங்லேர்ந்து சாங்கிக்கு ரெண்டு பக்கமும் ஒரே நேரம் ஆகலாம். அதுக்காக நடுவுல ஜாம் இல்லைன்னு ஆயிடுமா?”

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டான்.

அவன் முட்டாள் இல்லை. அவன் நம்பிய மென்பொருள்தான் நிலத்தைக் குவே லாப்பிஸ் பலகாரம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. சிவப்பு அடுக்கு, வெள்ளை அடுக்கு, பச்சை அடுக்கு, ஒவ்வொன்றும் ஒரே தடிமனில் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை. ஜாலான் புசாருக்கு அடியில் அப்படி எதுவும் கிடையாது. மேலே தார், அதன் கீழ் பழைய சாலைக் கல், அதன் கீழ் யாரோ எப்போதோ கொட்டிய இடிபாடு, அதன் கீழ் களிமண், எல்லாம் ஏறி இறங்கிக் குழம்பிக் கிடக்கிறது. ஐந்து மீட்டர் அகலமுள்ள இளகிய இடம் ஒன்றை இந்த மென்பொருளிடம் கொடுத்தால், அதை வெண்ணெய்போல இருபத்து நான்கு மீட்டருக்கும் மெல்லத் தடவிவிடும். அப்புறம் எல்லா இடமும் சுமாரான மண் என்று சொல்லும். அந்தச் சுமாரான மண் அந்தச் சாலையில் எங்குமே இல்லை.

“செரினா. மண்ணு எப்படின்னு முடிவு பண்றது என் வேலை. நீ டெக்னீஷியன். ரெக்கார்ட் பண்ணினே, முடிஞ்சுது.”

“ரெக்கார்டை இரைச்சல்னு தள்ளறதுக்கு என் கையெழுத்து வேணும். அதுவும் ரூல்தான்.”

அதுதான் விஷயம். ஒரு சம்மட்டி அடியின் பதிவை நிராகரிக்க வேண்டுமானால், அந்த நேரத்தில் தரையில் நின்று பதிவுசெய்தவர் காரணம் எழுதிக் கையெழுத்திட வேண்டும். வேறு யாருடைய கையெழுத்தும் செல்லாது. படிப்பை முடிக்காதவளுக்கு அந்த நிறுவனத்தில் இருந்த அதிகாரம் ஒரு தாளில் மூன்று அங்குல அகலக் கட்டம்.

“போன மாசம் குகை. இந்த மாசம் என்ன, சதுப்பு நிலமா?” என்றான். பக்கத்து மேசையில் யாரோ சிரித்தார்கள். “இன்னொரு தடவ வேலையை நிறுத்தி, இன்னொரு தடவ ஒண்ணும் இல்லைன்னா, உன்னை வெச்சுக்கச் சொல்லி என்னால பேச முடியாது. ப்ளீஸ். எழுது.”

அவன் சொன்னது உண்மை. தஞ்சோங் பகாருக்குப் பிறகு எனக்காகப் பேசியவன் அவன்தான். அந்தக் கேபிளைத் தலைகீழாக மாட்டிய கை என்னுடையது என்பதும் உண்மை. பேனாவை வாங்கினேன்.

குறிப்புக் கட்டத்தில் எழுதினேன்: “இரைச்சல் இல்லை. சாலை அடைக்கப்பட்டது, எஞ்சின் அணைக்கப்பட்டது. இரண்டு முறை தட்டிச் சோதிக்கப்பட்டது. கருவிகள் இடம் மாற்றப்பட்டும் மாற்றமில்லை. பதினான்கிலிருந்து பத்தொன்பது வரை நிலம் சமமாக இல்லை. வலப்பக்க அடிகளை நீக்கக் கூடாது.” ஆங்கிலத்தில்தான் எழுதினேன், பெரிய எழுத்துகளில். கட்டத்தைத் தாண்டி ஓரத்துக்கும் போனது. கையெழுத்துப் போட்டு, படம் எடுத்து, படிவத்தின் அடியில் அச்சாகியிருந்த ஐந்து மின்னஞ்சல் முகவரிகளுக்கும் பதிவுகளோடு அனுப்பினேன்.

“கிளையன்ட்டோட செக்கருக்கும் அனுப்பிட்டியா?” ரஞ்சன் எழுந்துவிட்டான்.

“படிவத்துல அஞ்சு பேர் இருக்கு. நான் யாரையும் சேர்க்கல.”

“யாரும் அஞ்சு பேருக்கும் அனுப்ப மாட்டாங்க லா!”

“படிவத்துல அப்படிப் போடலையே.”

மாலை நான்கு மணிக்குத் தூக்கத்திலிருந்து எழுந்தபோது இரண்டு செய்திகள் இருந்தன. ஒன்று அலுவலகத்திலிருந்து: மறு அறிவிப்பு வரும்வரை இரவு வேலைக்கு வர வேண்டாம். இன்னொன்று ரஞ்சனிடமிருந்து: இன்றிரவு எய்டன் அதே கோட்டை மறுபடியும் எடுப்பான். எய்டன் எங்கள் இன்னொரு பதிவாளர். நல்ல பையன். இடப்பக்கம் மட்டும் அடிக்கச் சொன்னால் இடப்பக்கம் மட்டும் அடிப்பான்.

ஆறு மணிக்குத் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு. ஒரு பெண் குரல்.

“நான் வைதேகி. கிளையன்ட் சார்பா ரிப்போர்ட்டைச் சரிபார்க்கிறவ. இந்தக் கோட்டை எடுத்தது நீங்களா?”

“ஆமா.”

“தஞ்சோங் பகார்ல குகை கண்டுபிடிச்சது?”

“அதுவும் நான்தான்.”

“அப்போ இதை ஏன் நான் நம்பணும்?”

“அங்க நான் தட்டிப் பார்க்கல. இங்க ரெண்டு தடவ தட்டிப் பார்த்தேன். நேரம் போட்ட பதிவு உங்ககிட்ட இருக்கு. நம்ப வேண்டாம் மேடம். பதினாறுல ஒரு துளை போட்டுப் பாருங்க. இல்லைன்னா என்னைத் திட்டுங்க.”

“முப்பது மீட்டர் தள்ளிப் போட்ட துளையில கெட்டி மண்ணுன்னு இருக்கே.”

“முப்பது மீட்டர் தள்ளி யாரும் குழி தோண்டல.”

“நீங்க இப்படித்தான் எல்லார்கிட்டயும் பேசுவீங்களா?”

“ராத்திரில யாரும் பேச்சுக்கு இருக்க மாட்டாங்க மேடம். பழக்கம் இல்ல.”

அவர் சிரிக்கவில்லை. பார்க்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டார்.

ஐந்து நாட்கள் வீட்டில் இருந்தேன். அம்மா காரணம் கேட்டாள், சொன்னேன். “கையெழுத்துப் போட்டிருக்கலாமே” என்றாள். “போட்டேனே” என்றேன். அதற்கு மேல் கேட்கவில்லை. ஐந்து நாளும் எனக்குத் துணிச்சலாக இருந்தது என்று சொன்னால் பொய். மூன்றாம் நாள் இரவு முழுவதும் உட்கார்ந்து பதிவுகளை மறுபடியும் பார்த்தேன். எங்காவது கேபிள் மாறியிருக்கிறதா என்று தேடினேன். மாறியிருந்தால் சொல்லிவிடவும் தயாராக இருந்தேன். மாறவில்லை.

ஆறாம் நாள் காலையில் மருதப்பன் அண்ணன் கூப்பிட்டார். “தங்கச்சி, மிஷின் வந்துருக்கு. உன் மைக்கு வெச்ச இடத்துலயே போடப் போறானுங்க. ஆள் பத்தலைன்னு என்னையும் கூட்டியாந்துட்டானுங்க. வா.”

போனேன். பணியில் இல்லாததால் தடுப்புக்கு உள்ளே விடவில்லை. ஒரு ஹார்ட்வேர் கடையின் முன்னால் அஞ்சடி நடைபாதையில், பைப்புகளுக்கும் சங்கிலிச் சுருள்களுக்கும் நடுவே நின்றேன். கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைக் காலால் என் பக்கம் தள்ளினார். உட்காரவில்லை. ரஞ்சன் தடுப்புக்குள் ஹெல்மெட்டோடு நின்றான். என்னைப் பார்த்தான், தலையசைக்கவில்லை.

அவர்கள் முறை எங்களுடையதைவிட முரட்டுத்தனமானது. துளையிட்டு, இரும்புக் கம்பியை இறக்கி, அதன் தலையில் அறுபத்து மூன்றரைக் கிலோ எடையைத் தூக்கித் தூக்கிப் போடுவார்கள். கம்பி முப்பது சென்டிமீட்டர் இறங்க எத்தனை அடி தேவை என்று எண்ணுவார்கள். நிறைய அடி என்றால் கெட்டி மண்.

ஒன்றரை மீட்டரில் மருதப்பன் அண்ணன் சத்தமாக எண்ணினார். பதினான்கு. இடிபாட்டுக் கல். ரஞ்சன் கைப்பேசியில் குறித்தான். இப்போது என் பக்கம் திரும்பிப் பார்த்தான். நான் பார்வையை விலக்கவில்லை.

மூன்று மீட்டருக்குத் துளை போனது. கம்பியை இறக்கினார்கள். எடையை அதன் தலையில் வைத்தார்கள், இன்னும் தூக்கவில்லை. மருதப்பன் அண்ணன் எண்ணுவதற்கு வாயைத் திறந்தார்.

கம்பி இறங்கத் தொடங்கியது.

யாரும் அடிக்கவில்லை. அது தன் பாட்டுக்கு இறங்கியது, தண்ணீரில் விட்ட குச்சிபோல, அவசரமில்லாமல். மிஷின்காரர் “பெகாங்! பெகாங்!” என்று கத்தினார். இரண்டு பேர் பிடித்தார்கள். முக்கால் மீட்டர் போய்த்தான் நின்றது.

“எத்தனைன்னு எழுதணும் சார்?” என்று மருதப்பன் அண்ணன் ரஞ்சனைக் கேட்டார். “நான் இன்னும் ஒண்ணுகூட எண்ணலையே.”

“ஜீரோ,” என்றான் ரஞ்சன்.

கம்பியை மேலே இழுத்தபோது அதன் முனையில் சாம்பல் நிறக் களிமண், சிப்பித் துண்டுகளோடு. மருதப்பன் அண்ணன் அதை விரலால் வழித்தார். தயிரை வழிப்பதுபோல் வந்தது. அந்த மண்ணாலான குழிச் சுவரை நம்பித்தான் அடுத்த மாதம் அவர் கீழே நின்றிருக்க வேண்டும். கையில் ஒட்டியதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தடுப்பு ஓரமாக நடந்து வந்து என்னிடம் காட்டினார்.

“மைக் டெஸ்டிங்,” என்றார்.

அன்று சிரித்தேன்.

ரஞ்சனும் வந்தான். ஹெல்மெட்டைக் கழற்றினான். தலைமுடி வியர்வையில் ஒட்டியிருந்தது.

“ஓகே லா. ஏழாவது கோட்டை நீ எழுதின மாதிரியே அனுப்புறேன். குழியை நிறுத்தியாச்சு, டிசைன் மாத்தணும்னு வைதேகி மேடம் இப்பதான் போன்ல சொல்லிட்டாங்க. சந்தோஷமா?”

“ஒண்ணுலேர்ந்து ஆறு வரைக்கும்?”

“என்ன ஒண்ணுலேர்ந்து ஆறு?”

“அந்த ஆறு கோட்டுலயும் குழி வருது. எத்தனைல வலப்பக்கத்தை இரைச்சல்னு தள்ளியிருக்கு?”

அவன் சாலையைப் பார்த்தான். எங்களைத் தாண்டி ஒரு ஹோட்டல் விருந்தினர் பெட்டியை இழுத்துக்கொண்டு போனார்.

“நாலுல.”

“நாலு கோட்டுலயும் ஒரே பக்கம் மட்டும் எப்படி ரஞ்சன் சத்தம் வரும்?”

“அந்த ரிப்போர்ட் எல்லாம் போயாச்சு செரினா. எய்டன் கையெழுத்துப் போட்டிருக்கான். விடு. உனக்கு என்ன வேணும், ஸாரி சொல்லணுமா? ஸாரி.”

“ஸாரியை நீயே வெச்சுக்கோ. அந்த நாலு கோட்டையும் மறுபடி எடுக்கணும். ரெண்டு பக்கமும். நாளைக்கே.”

“சார், அப்ப நான் குழியா, சம்மட்டியா?” என்று மருதப்பன் அண்ணன் இடையில் கேட்டார்.

“சம்மட்டி,” என்றேன்.

ரஞ்சன் என்னைப் பார்த்தான். “நீ சொல்ற மாதிரி எல்லாம் நடக்காது. ரோட்டை அடைக்க பர்மிட் எடுக்கணும்.”

“எடு.”

“நீயே இப்போ சஸ்பென்ஷன்ல இருக்க.”

“அப்போ அதையும் எடு.”